சந்தியில் நின்ற கோட்டுக்காரர்

அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அம்மாவிடம்தான். வீடு வாசலைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. "கலேவெலக்காரன் வந்து ஒரு பிடி மண்ணு போடட்டும். அது வரைக்கும் அவசரப்பட்டுத் தூக்கிறாதீங்க" என்றார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தலையாட்டினார். நான் கட்டிலின் மறுபக்கம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் படம் எப்போது தயாராகும் என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கலேவெலக்காரர் என்று நாங்கள் சொல்வது ஒரு சிங்கள விவசாயியை. கலேவெலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓர் ஊர். எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கிழமைச் சந்தைக்கு அதிகாலை இருட்டில் முதல் பஸ்ஸில் கத்தரிக்காய், பூசணி, வெங்காயம் என்று சாக்குகளை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போவார். விற்று முடித்து மத்தியானப் பஸ்ஸில் திரும்புவார். பலாபத்வலைக்கு முன்னால் எங்கள் தோட்டத்து ரோட்டு பெரிய ரோட்டில் வந்து சேர்கிற சந்தியில், சந்தை நாளானால் அப்பா நிற்பார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பஸ் ஜன்னலிலிருந்து கலேவெலக்காரர் பார்ப்பார். அப்பா நின்றால் மணியடித்து இறங்குவார். இல்லையென்றால் நேரே போய்விடுவார். இறங்கினால் இருவரும் கடையில் பிளேன் டீயும் கருப்பட்டியுமாக உட்கார்ந்து அடுத்த பஸ் வரும்வரை பேசுவார்கள். பேசுவது முழுக்கச் சிங்களத்தில். அப்பாவின் சிங்களத்தைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் அவருக்கு அது போதுமாக இருந்தது.

"போன் நம்பரை வாங்கி வச்சுக்கங்களேன்" என்று ஒரு தடவை சொன்னேன். "எதுக்கு? நான் நிக்கிறேனா இல்லையான்னு அவனுக்குத்தான் தெரியுமே" என்றார் அப்பா. அந்தச் சிநேகிதம் எப்படி ஆரம்பித்தது என்று நான் கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதுகூட இல்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். மாத்தளை டவுனில் ஒரு தனியார் கம்பனியில் வேலை. கிழமை நாட்களில் டை கட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருப்பேன். சனி ஞாயிறு கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று போவேன். படம் எடுப்பதில் நான் பெரிய ஆள் இல்லை. எனக்குக் கிடைத்த பெயரெல்லாம் பிரீசெட்டால் வந்தது. வெளிச்சம் இவ்வளவு, நிழல் இவ்வளவு, எந்த நிறம் தூக்கலாக இருக்கவேண்டும், எது அடங்க வேண்டும் என்று ஒரு படத்தில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, அந்தக் கணக்கை அப்படியே சேமித்து வைத்துக்கொள்வதுதான் பிரீசெட். அப்புறம் எவருடைய படத்தைத் திறந்து அதைத் தொட்டாலும் போதும், அந்தக் கணக்கு வந்து உட்கார்ந்துவிடும். நூறு முகத்துக்கும் ஒரே கணக்கு.

என் பிரீசெட்டின் இரகசியம் ஆரஞ்சு. நம் ஆட்களின் தோலைக் கேமரா பெரும்பாலும் ஆரஞ்சு நிறமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆரஞ்சின் வெளிச்சத்தைக் கூட்டி அடர்த்தியைக் குறைத்தால் ஆள் வெளுத்துவிடுவார். தோலின் சொரசொரப்பை இறக்கினால் வயதும் சேர்ந்து இறங்கும். பச்சையைக் கொஞ்சம் சாம்பல் பக்கம் தள்ளிவிட்டால் எங்கள் தேயிலை மலை ஏதோ குளிர் நாட்டு மலையாகிவிடும். "அண்ணே, போன தடவ அந்தப் பிள்ளைக்குப் போட்டீங்களே, அதே கலரு எனக்கும் போடுங்க" என்று கேட்டு வருவார்கள். நானும் பெரிய டொக்டர் தோரணையில் தலையாட்டுவேன். கறுத்த பெண்கள் வெளுத்து நிற்பதைப் பார்த்து அவர்களுடைய அம்மாமார் சந்தோஷப்படும்போது, ஏதோ நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அப்பா இறந்த அன்று காலை, உடலை ஒப்படைக்க நேரமாகும் என்றார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். அனுதாபப் பேனர் அடிக்க வேண்டும், அதற்கொரு படம் வேண்டும். போனில் தேடினேன். தீபாவளிக்கு எடுத்த ஒன்று கிடைத்தது. வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அப்பா சிரிக்கிறார். தலையில் துண்டு, கன்னம் ஒட்டிப்போய் வெள்ளைத் தாடி முள் முள்ளாக நிற்கிறது. முன் பல் ஒன்று பாதிதான் இருக்கிறது. புருவத்துக்கு மேலே, தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு. அந்தத் தோட்டத்தில் ஐம்பது வயது தாண்டிய எந்த ஆளும் இப்படித்தான் இருப்பார்.

எனக்கு அது போதவில்லை. ஒபிஸ் ஆட்கள் வருவார்கள் என்பதுதான் மனதில் ஓடியது. "அப்பா எஸ்டேட்ல இருந்தவரு" என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் அதை ஏதோ உத்தியோகம் என்று விளங்கிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படி விளங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

முதலில் என் பிரீசெட்டைத் தொட்டேன். அப்பா வெளுத்தார். கன்னத்துப் பள்ளம் மேடானது. தழும்பை விரலால் தேய்த்தேன், போய்விட்டது. பிறகு இன்னொரு செயலியில் போட்டுத் துண்டை எடுத்துவிட்டு, படிய வாரிய தலைமுடி வைத்தேன். வாயை மூடினேன். அந்தச் செயலியிலேயே கோட்டும் டையும் வரிசையாக இருந்தன. சாம்பல் கோட் ஒன்றைத் தெரிவுசெய்தேன். அப்பா வாழ்நாளில் கோட் போட்டவர் இல்லை. எல்லாம் முடிந்ததும் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது. உள்ளே அப்பா கிடக்கிறார், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வருகிறது, அந்தத் திருப்தியும் கூடவே இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. தலையில துண்டு இல்லையே" என்றார்.

"துண்டோடயா பேனர்ல போடுவாங்க?" என்றேன். அவர் இருந்த நிலையில் நான் எதைக் காட்டியிருந்தாலும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்லியிருப்பார்.

அடக்கத்தைச் சந்தை நாளுக்குத் தள்ளி வைத்ததும் அம்மாதான். "அன்னைக்குத்தான் அவரு பஸ்ஸுல வருவாரு" என்று பிடிவாதமாக நின்றார். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தங்கச்சி புருஷன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், நான் பைக்க எடுத்துக்கிட்டு கலேவெலைக்கு ஒரு எட்டு போயிட்டு வர்றேன். மரக்கறிக் கடைப் பக்கம் விசாரிச்சா ஆளைக் கண்டுபிடிச்சிரலாம்" என்றார்.

"தேவையில்ல மச்சான். சந்தியப் பாக்காம அவரு போகமாட்டாரு. அவ்வளவு பெரிய முகத்தத் தொங்கவிடப் போறோம், இதுக்கு மேல என்ன?" என்றேன்.

நான் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அப்பாவின் முழுப் பெயரும் தெரியாது. அவர் அப்பாவை 'யாளுவா' என்றுதான் கூப்பிடுவார், சிநேகிதா என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் பேனரில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது முகம் ஒன்றைத்தான். "சிங்களத்துலயும் ரெண்டு வரி போடலாமே" என்று அம்மா கேட்டதற்கு, இடமில்லை என்றேன். படத்தை அவ்வளவு பெரிதாக வைத்திருந்தேன். கோட் முழுதாகத் தெரிய வேண்டும் அல்லவா.

சந்தியில் வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே பேனரைக் கட்டினோம். அதைக் கட்டும்போதே இரண்டு பேர், "அப்பாவா இது? நல்லாச் செஞ்சிருக்கே" என்றார்கள். 'அப்பாவா இது' என்பதை விட்டுவிட்டு 'நல்லாச் செஞ்சிருக்கே' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

அடக்கத்தன்று மத்தியானம் ஒபிஸ் ஆட்கள் வேனில் வருவதாகப் போன் பண்ணினார்கள். தோட்டத்துக்குள் எங்கள் லயத்து வீட்டுக்கு வழி தெரியாதே என்று சந்தியில் போய் நின்றேன். வேன் வந்தது. எல்லோரும் வெள்ளைச் சட்டை, டை. இறங்கியதும் எங்கள் முஸ்லிம் மேனேஜர் பேனருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். "ஒங்கட வாப்பா ஒரு ஸ்கூல் பிரின்சிபல் மாதிரி இரிக்காரே. எஸ்டேட்ல என்ன பொசிஷன்ல இருந்தார்?" என்று கேட்டார்.

"எஸ்டேட்லதான் சேர்" என்றேன். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பிரின்சிபல் என்ற சொல் எனக்குள் இனிப்பாக இறங்கியது. அந்த நேரம் பக்கத்தில் ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மேனேஜரின் சட்டையில் தூசி படுமே என்று அவரை ஓரமாக நகர்த்தினேன். எந்தப் பஸ் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நீர்மாலை எடுத்து வந்தார்கள், கோடி போட்டார்கள், எல்லாம் முடிந்தது. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவதைக்கூட இடையிடையே நிறுத்திவிட்டுப் பாதையைப் பார்த்தார். "தூக்கலாமா?" என்று பெரியவர்கள் கேட்கும்போதெல்லாம், "இன்னுங் கொஞ்சம் பொறுங்க. அடுத்த பஸ்ஸுல வந்துருவாரு" என்றார். வானம் இருண்டுகொண்டு வந்தது. மழை பிடித்தால் மேட்டுப் பாதையில் பெட்டியைத் தூக்க முடியாது. கடைசியில் சித்தப்பா வந்து, "மதினி, இதுக்கு மேல வச்சிருக்க ஏலாது" என்றார். அம்மா பெட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தூக்கினோம்.

குழியருகே எல்லோரும் மண் போட்டார்கள். தூறல் விழத் தொடங்கியது. எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. திரும்பி வரும்போது தங்கச்சி புருஷனிடம், "பாத்தியா மச்சான், இவ்வளவுதான் அந்தச் சிநேகிதம். நம்ம எழவுக்கெல்லாம் அவனுங்க வருவானுங்களா?" என்றேன். 'அவனுங்க' என்று யாரைச் சொன்னேன் என்பது அவருக்குப் புரிந்தது. மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அன்றைக்குப் பேஸ்புக்கில் அப்பாவின் படத்துக்கு நிறையப் பேர் அனுதாபம் எழுதியிருந்தார்கள். ஒருவர், படம் மிக அருமை, யார் செய்தது என்று கேட்டிருந்தார். அதற்கு மட்டும் நான் உடனே பதில் போட்டேன்.

அடுத்த சந்தை நாள். மத்தியானம் வாசலில் யாரோ கனைக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கலேவெலக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சுருட்டிய வெற்றுச் சாக்குகள், மறு கையில் வாழைச்சருகில் கட்டிய புகையிலை. லயத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் பேசியது சிங்களத்தில், அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ரெண்டு கிழமையா யாளுவாவைக் காணல. காய்ச்சலா புத்தா?" என்று கேட்டார். மகனே என்பதைத்தான் அவர் புத்தா என்பார்.

உள்ளேயிருந்து வந்த அம்மா அவரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஓவென்று அழுதார். கலேவெலக்காரருக்கு அப்போதே விளங்கிவிட்டது. புகையிலைக் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "எப்ப?" என்று கேட்டார்.

"போன சந்தை நாள்தானே எடுத்தோம்" என்று அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். "ஒங்களுக்காகத்தான் அன்னைக்கு வச்சோம். ஒங்க கையால மண்ணு போடணும்னு சொல்லிட்டுத்தான் போனாரு. அந்தி வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தோமே."

"போன சந்தை நாளா?" அவர் முகம் ஒருமாதிரி ஆனது. "நான் அன்னைக்கு இந்த வழியாத்தானே போனேன். சந்தியைப் பாத்தேனே. புத்தா, நீ நின்னியே. ஒன்கூட டை கட்டின பெரிய மனுசங்க, மாத்தயாமாரு நின்னாங்க. வெள்ளைக் கொடி, கோட் போட்ட ஒரு பெரியவரோட படம். தோட்டத்துப் பெரிய மாத்தயா யாரோ தவறிட்டாருன்னு நெனச்சேன். யாளுவாவைத் தேடினேன், நிக்கல. எழவு வீட்டுல ஏதும் வேலையா இருப்பான், இந்த நேரம் எறங்கி அவனத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு போயிட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் படந்தான் அவரு" என்று அவரிடம் சொன்னார்.

அவர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அழுகிற பெண்ணிடம் மறுத்துப் பேசக்கூடாது என்று விட்டுவிட்டார். "எங்க வச்சிருக்கீங்க? என்னைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் என்னிடம்.

மேட்டுக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு கிழமை மழையில் மண் இறுகிக் கிடந்தது. ஒரு பிடி அள்ளப் பார்த்தார், வரவில்லை. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான் குனிந்து உதவப் போனேன். வேண்டாம் என்று கையசைத்தார். சுரண்டி எடுத்ததை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டார். அவ்வளவுதான். மூடிய குழியின் மேல் போட்ட மண் எங்கே போகும்? பெட்டியில் விழுகிற சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. அதை அவரிடமிருந்து பறித்தது நான். புகையிலைக் கட்டை மண் மேட்டில் வைத்துவிட்டு, சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். திட்டுகிற குரலில்தான் சொன்னார். சிநேகிதர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் திட்டுவார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். போன கிழமை அங்கேயிருந்து திரும்பும்போது நான் சொன்ன வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழுந்துகொண்டிருந்தது.

பஸ்ஸுக்காகச் சந்திக்கு இறங்கி வந்தோம். பேனர் அங்கேயே இருந்தது. அவர் கிட்டப் போய் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் வந்து பார்த்தார். அந்த முகத்தில் எங்காவது தன் சிநேகிதன் தட்டுப்படுகிறானா என்று மெய்யாகவே தேடினார். எனக்கு ரோட்டைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"இதக் கழட்டிரு புத்தா" என்றார் கடைசியில். "இந்த ஆளு இங்க நிக்கிற வரைக்கும், பஸ்ஸுல வர்றப்ப எல்லாம் அவனை நான் பக்கத்துல தேடிக்கிட்டேதான் இருப்பேன்."

கடையில் கத்தி வாங்கி வந்து கயிற்றை அறுத்தேன். மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். இருவருமாகப் பெட்ஷீட் மடிக்கிற மாதிரி மடித்தோம். முகம் உள்ளே போகும்படி அவர்தான் திருப்பிக் கொடுத்தார். யாராக இருந்தாலும் செத்தவருடைய படம், வெளியே தெரிய மடிக்கக்கூடாது என்றார்.

மடித்து முடிந்ததும், "இதை எங்க செஞ்சீங்க? டவுன்ல ஸ்டூடியோவுலயா?" என்று கேட்டார்.

அவர் குரலில் கோபம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்லியிருக்கலாம். ரோட்டில் வேறு யாரும் இல்லை, கேட்டால் மன்னிக்கிற மனுசன்.

"ஆமா மாமே. ஸ்டூடியோவுல குடுத்தோம். அவன்தான் இப்படிப் பண்ணிட்டான்" என்றேன்.

பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அவர் சாக்குச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேனர் மடிப்பை என் கையில் கொடுத்தார்.

"அந்தப் பயலுக்குத் தகப்பன் இல்லையா புத்தா?" என்று கேட்டார்.

"தெரியல மாமே" என்றேன்.